அத்தியாயம் 7: சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே காஞ்சிபுரத்து வீடுகளில் பயிற்சி மையங்களிலிருந்து போன் அடிக்கத் தொடங்கிவிடும். "பையன் பைத்தான் படிச்சா ஆறே மாசத்துல ஐ.டி. வேலை சார். இன்னைக்கே கட்டுனா ஐயாயிரம் தள்ளுபடி" என்பார்கள். டிகிரி முடிக்கப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் இதே அழைப்புதான் வரும். கட்டணம் நாற்பதாயிரமும் இருக்கலாம், லட்சமும் இருக்கலாம். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டும் ஒரு குடும்பத்துக்கு அது பல சேலைகளின் கூலி.

பைத்தான் போன்ற மொழியில் கணினி நிரல் எழுதக் கற்பது நல்ல காரியம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கற்றுக்கொள்வதற்கு ஆகும் செலவும் சான்றிதழுக்குக் கேட்கும் விலையும் வேறு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவும், கொடுக்கும் பணம் எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று நீங்களே கணக்குப் போடவும் இந்த அத்தியாயம் உதவும்.

1. இந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள்?

எந்தச் சான்றிதழாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். பதிலைப் பொறுத்துச் சான்றிதழ்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, விதியே கேட்பது. தமிழ்நாடு அரசின் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகக் கணினித் தேர்வில் தேற வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் இதைச் சி.ஓ.ஏ. என்பார்கள். இது நிரல் எழுதும் படிப்பு அல்ல. ஆனால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாகத் தட்டச்சர் ஆக நினைப்பவருக்குப் பெரிய பைத்தான் சான்றிதழால் ஆகாதது இந்தச் சிறிய சான்றிதழால் ஆகும்.

இரண்டாம் வகை, கல்லூரி ஏற்பது. மத்திய அரசின் சுவயம் ஆன்லைன் தளத்தில் படிக்கும் பாடங்களை டிகிரிக்கான மதிப்பெண் அலகுகளில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது. 2021 விதிகளின்படி ஒரு பருவத்தின் அலகுகளில் 40 சதவீதம் வரை இப்படி எடுக்கலாம். உங்கள் கல்லூரி எந்தப் பாடத்தை ஏற்கிறது என்பதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகையை விதியும் கேட்பதில்லை, கல்லூரியும் கேட்பதில்லை. விண்ணப்பத்தில் ஒரு வரியாக இருக்கும், அவ்வளவுதான். தனியார் பயிற்சி மையங்கள் தரும் சான்றிதழ்களில் பெரும்பாலானவை இந்த வகை. அதிக விலைக்கு விற்பதும் இவைதான்.

2. கம்பெனி எப்படி ஆள் எடுக்கிறது?

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தகுதி பார்ப்பார்கள்: என்ன டிகிரி, எந்த ஆண்டு, பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை பெரும்பாலும் 60 சதவீதம், அரியர் இல்லாமை. அடுத்து ஆன்லைன் தேர்வு: கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், நிரல் எழுதுதல். டி.சி.எஸ். நடத்தும் என்.கியூ.டி. இப்படிப்பட்டதுதான். கடைசியில் நேர்காணல்.

இந்த மூன்றில் எந்த இடத்திலும் பயிற்சி மையத்தின் சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் இல்லை. இரண்டு அரியர் வைத்திருக்கும் மாணவருக்கு அறுபதாயிரம் ரூபாய் சான்றிதழைவிட அந்த இரண்டு தாளையும் முடிப்பது நூறு மடங்கு பயன் தரும்.

பட்டுச் சேலையில் தொங்கும் சில்க் மார்க் சீட்டு, பட்டு அசல் என்று மட்டும்தான் சொல்லும். கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வாங்குபவர் சேலையைப் புரட்டித்தான் ஆக வேண்டும். நேர்காணலில் நடப்பதும் அதுவே. "இந்த நிரலில் இந்த வரி எதற்கு? இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கேள்விகள் இன்னும் முக்கியமாகிவிட்டன. நிரலை யார் வேண்டுமானாலும் எழுதி வாங்கிவிடலாம். அதை விளக்கவும், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவும் தெரிந்தவரைத்தான் இப்போது தேடுகிறார்கள்.

3. செலவில்லாததிலிருந்து லட்சம் வரை

சான்றிதழ்களைச் செலவு ஏறும் வரிசையில் பாருங்கள். மேலே இருப்பதை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை, சேரும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணமே இல்லாதவை. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. கல்லூரியில் படிக்கும்போதே அதன் வழியாகக் கணினிப் பயிற்சிகள் கிடைக்கின்றன. வருகைப்பதிவுக்காக உட்காராமல் அதை உண்மையாகப் படித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இன்போசிஸ் ஸ்பிரிங்போர்டு, ஃப்ரீகோடுகேம்ப் இரண்டிலும் பாடமும் சான்றிதழும் இலவசம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 பாடத்தை முடித்தாலும் கட்டணமில்லாச் சான்றிதழ் உண்டு. பணம் கேட்பது எட்எக்ஸ் தளத்தின் சரிபார்த்த சான்றிதழுக்கு மட்டும்தான்.

ஆயிரம் ரூபாய் அளவில். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்கள். படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேறுவதற்கு முதலாவதில் 10, இரண்டாவதில் 30 வாங்க வேண்டும். கண்காணிப்போடு நேரில் எழுதுவதால்தான் இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய பைத்தான் பாடம் எட்டு வாரம் ஓடுவது; தொடங்க நல்ல இடம்.

என்பிடெல் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். நம் ஊருக்கு இது தோதான காலம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் குறைவு. கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு முதல் சில வாரங்கள் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

சில ஆயிரங்களில். அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். பற்றிய அடிப்படைத் தேர்வு 100 டாலர், வரி தனி. மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். கிளவுட் வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் எழுதுவதே சரி. முதலாண்டு படிக்கும்போதே எழுதினால் வேலை தேடும்போது காலாவதியாகி இருக்கும்.

பத்தாயிரங்களில். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் தரவு அறிவியல் படிப்பு. ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பு இல்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். அடிப்படை நிலையோடு நிறுத்தினால் சான்றிதழ், அடுத்த நிலையோடு நிறுத்தினால் டிப்ளமோ, தொடர்ந்தால் பட்டம். பாதியில் நின்றாலும் அதுவரை படித்தது வீணாகாது. அடிப்படை நிலைக்கே முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும். வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பார்த்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே வருமானச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லட்சத்தில். மத்திய அரசின் சி-டாக் நடத்தும் முதுநிலை டிப்ளமோ. பொறியியல், எம்.சி.ஏ. போன்ற படிப்பு முடித்தவர்களுக்கானது. நுழைவுத் தேர்வு உண்டு, ஏறக்குறைய ஆறு மாத முழுநேர வகுப்பு. வரியோடு கட்டணம் லட்சத்தைத் தாண்டும். நுழைவுத் தேர்வும் வளாக நேர்காணலும் இருப்பதால் இந்த விலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு தனியார் மையம் இதே தொகையைக் கேட்டால், "சேர நுழைவுத் தேர்வு உண்டா?" என்று கேளுங்கள். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் இடத்தின் சான்றிதழைப் பார்த்து எந்தக் கம்பெனியும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இந்த வரிசைக்கு வெளியே, உங்களுக்கே பணம் தரும் வழி. சோகோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் சோகோ பள்ளி. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். நிறுவனத்தின் வளாகம் கூடுவாஞ்சேரி பக்கம், நம் ஊரிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தாம்பரம் போகும் ரயில் பாதையில்தான் இருக்கிறது. இடம் கிடைப்பது கடினம். ஆனாலும் பிளஸ் டூ முடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது விண்ணப்பிக்க வேண்டும்.

4. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பி.எஸ்சி. முடித்துவிட்டு காந்தி ரோடு பட்டுக்கடை ஒன்றில் மாதம் 12,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் சென்னை மையம் ஒன்றில் படிக்க நினைக்கிறார். தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- பயிற்சிக் கட்டணம்: 60,000
- அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.: 10,800
- ஆறு மாதப் பயணம், மாதம் 2,000 வீதம்: 12,000
- கணினி: 35,000
- ஆறு மாதம் இழக்கும் சம்பளம்: 72,000
- மொத்தம்: 1,89,800

மையத்தின் நோட்டீசில் 60,000 மட்டும்தான் இருந்தது. உண்மையான செலவு அதைப் போல மூன்று மடங்கு.

இனி வரவு. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனத்தின் 2.52 லட்சம் ஆண்டுச் சம்பள அறிவிப்பு நாடெங்கும் பேசப்பட்டது. அது மூன்றாண்டு பட்டதாரிகளுக்கானது, பொறியாளர்களுக்கு 4 லட்சத்திலிருந்து தொடங்குகிறது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. 2.52 லட்சம் என்றால் மாதம் 21,000. பிடித்தம் போகக் கைக்கு 19,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் விடுதி, சாப்பாடு, பயணம், மற்ற செலவு எல்லாமாக 10,500 போனால் மிச்சம் 8,500. உள்ளூர்க் கடை வேலையில் 12,000 வாங்கிக் கைச்செலவு 1,500 போக மிச்சம் 10,500. ஆக, முதல் ஆண்டில் ஐ.டி. வேலையில் மாதம் 2,000 குறைவாகத்தான் மிஞ்சுகிறது.

வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய வேலை கிடைத்தால் கணக்கு மாறும். 19,000-இல் பயணத்துக்கும் கைச்செலவுக்கும் 2,500 போனால் மிச்சம் 16,500. கடை வேலையைவிட மாதம் 6,000 கூடுதல். போட்ட 1,89,800 திரும்பி வர 32 மாதம் ஆகும். அந்த மையத்தில் படித்த பத்துப் பேரில் ஐந்து பேருக்குத்தான் வேலை கிடைக்கிறது என்றால் 6,000 என்பதைப் பாதியாக்கி 3,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அதே பெண் கடை வேலையை விடாமல், மாலையில் வீட்டிலேயே படித்து என்பிடெல் தேர்வு எழுதினால் கணினிக்கு 35,000, தேர்வுக்கு 1,000, மொத்தம் 36,000. வேலை கிடைக்கும் வாய்ப்பைப் பாதி என்றே வைத்தாலும் பன்னிரண்டு மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். மையத்தில் ஆறு மாதத்தில் முடிவதற்கு வீட்டில் ஓராண்டு ஆகலாம். ஆகட்டும், அந்த ஓராண்டும் கடைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் ஐ.டி. சம்பளம் ஏற வாய்ப்பு உண்டு. இந்தத் தொழிலின் உண்மையான பலனே அங்கேதான். ஆனால் அந்த ஏற்றம் வேலைத் திறமைக்கு வருவது. அந்த நேரத்தில் உங்கள் முதல் சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள்.

5. காஞ்சியிலிருந்து எட்டும் வேலைகள்

செங்கல்பட்டுக்கு அடுத்த பரனூர் நிலையத்தில் இறங்கினால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. இன்போசிஸ் வளாகம் அங்கே இருக்கிறது. வீட்டிலிருந்து போய் வர முடிகிற பெரிய ஐ.டி. இடம் அதுதான். சிறுசேரி, தரமணி என்றால் பெரும்பாலும் தங்கித்தான் ஆக வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தத் தூரத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கார், போன், மின்னணுத் தொழிற்சாலைகள். அங்கே உற்பத்திக் கணக்கு, சரக்கிருப்பு, தரப் பரிசோதனைப் பதிவு பார்க்க ஆள் தேவை. எக்செல் நன்றாகத் தெரிந்து, தரவுத்தளத்திலிருந்து வேண்டியதை எடுக்கும் எஸ்.க்யூ.எல். தெரிந்திருந்தால் அதுவே பெரிய பலம். இந்த இரண்டையும் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம்.

ஊருக்குள்ளேயே பட்டுக்கடைகளின் இணைய விற்பனை, பில்லிங், டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல் வேலைகள் இருக்கின்றன. சேலை டிசைனைக் கணினியில் போட்டு ஜக்கார்டு அட்டைக்குக் கொண்டுவரும் வேலையும் இருக்கிறது. தறி பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கரை, முந்தி, புட்டா பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் இந்த வேலையில் அவருக்கு அனுகூலம் உண்டு. காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. டிசைன் பயிற்சி பற்றி அங்கே நேரில் போய்க் கேட்கலாம்.

6. சான்றிதழைவிடக் கனமான ஒன்று

நீங்களே எழுதி முடித்து, நாலு பேர் பயன்படுத்தும் ஒரு நிரல். நேர்காணலில் இதற்கு இருக்கும் எடை எந்தக் காகிதத்துக்கும் இல்லை. எல்லோரும் எழுதும் கால்குலேட்டர் வேண்டாம். உங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு தேவையை எடுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் வாங்குகிறோம். நெய்து கொடுக்கும் சேலையையும் எடை போட்டுத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். கழிவு எவ்வளவு, கூலி எவ்வளவு, முன்பணத்தில் பிடித்தம் எவ்வளவு என்று பாஸ் புத்தகத்தில் கையால் எழுதுகிறார்கள். இந்தக் கணக்கைச் செல்போனில் தமிழிலேயே போட்டுக் காட்டும் சிறு செயலி ஒன்றை எழுதுங்கள். தரவைச் சேமிப்பது, கூட்டிக் கழிப்பது, தவறான எண்ணைப் போட்டால் தடுப்பது, மாதக் கணக்கை அச்சிடுவது என்று ஒரு தொடக்க நிலை நிரலாளருக்குத் தெரிய வேண்டிய எல்லாமே அதில் வந்துவிடும். முதலில் உங்கள் வீட்டில் பயன்படுத்துங்கள், பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதைப் போட்டு, அதன் முகவரியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

7. மையத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவுக்குப் பிறகும் வகுப்பில் உட்கார்ந்து படித்தால்தான் வரும் என்று தோன்றினால் சேரலாம், தவறில்லை. சந்தேகம் கேட்க ஆசிரியர் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்.

- போன ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?
- வேலை கிடைத்தவர்களில் மூன்று பேரிடம் பேச முடியுமா?
- பாடம் நடத்துபவர் யார்? ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா?
- பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும்? எழுத்தில் தருவீர்களா?
- தவணை மையத்துக்கா, கடன் நிறுவனத்துக்கா?

கடைசிக் கேள்வியில் கவனம் வேண்டும். "வட்டியில்லாத் தவணை" என்று சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் இறங்கும். பிறகு அப்பா தறிக்காகக் கடன் கேட்கும்போது வங்கி கையை விரிக்கும்.

அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். "பணம் கட்டினால் நேராக வேலை" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலைக்காக யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று டி.சி.எஸ்., இன்போசிஸ் போன்ற நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன.

பயிற்சி மையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை உறுதி என்று பொய்யாகச் சொல்வதும், கட்டணம், பணம் திரும்பத் தருதல் பற்றித் தவறான தகவல் தருவதும் அதன்படி தடைசெய்யப்பட்டவை. ஏமாற்றப்பட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதற்காகவே நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

8. யாருக்கு எது?

- பிளஸ் டூ முடித்தவர்: டிகிரியில் சேருங்கள். சோகோ பள்ளிக்கும் விண்ணப்பியுங்கள். டிகிரிக்குப் பதிலாகத் தனியார் சான்றிதழை எடுக்க வேண்டாம்.
- கல்லூரியில் படிப்பவர்: அரியர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல்வன் பயிற்சியோடு பருவத்துக்கு ஒரு என்பிடெல் பாடம் போதும்.
- டிகிரி முடித்து வேறு வேலையில் இருப்பவர்: வேலையை விடாதீர்கள். மாலைப் படிப்பு, சொந்த நிரல், பிறகு விண்ணப்பம்.
- பொறியியல் முடித்து வேலை கிடைக்காதவர்: சி-டாக் நுழைவுத் தேர்வு எழுதிப் பாருங்கள்.
- அரசுத் தட்டச்சர் பணியை நோக்கிப் படிப்பவர்: கணினிச் சான்றிதழ் என்று பார்த்தால் சி.ஓ.ஏ. போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை முதலில் பத்து வாரம் இலவசப் பாடம் படிக்கட்டும். தினம் ஒரு மணி நேரமாவது தானாக உட்கார்ந்து, பத்தாவது வாரத்தில் தான் எழுதிய ஒன்றை உங்களுக்கு இயக்கிக் காட்டினால், அடுத்த படிக்குச் செலவு செய்வது நியாயம். அதற்கு முன்னால் நகையை அடகு வைக்காதீர்கள், தறியை விற்காதீர்கள். இலவசமாகக் கற்கக்கூடிய ஒன்றுக்காகக் கடன் வாங்கும் கட்டாயம் இந்த ஊரில் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.